மலைத் திட்டங்களின் ஆலோசகர் செலவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறும் முறை

நீலகிரியில் புதிதாக ஒரு வாகன நிறுத்தமோ குடிநீர்த் திட்டமோ அறிவிக்கப்படும்போது செய்தித்தாளில் வருவது திட்டத்தின் மொத்த மதிப்பு மட்டுமே. அந்தத் தொகைக்குள் விரிவான திட்ட அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு எவ்வளவு, மேற்பார்வை செய்யும் நிறுவனத்துக்கு எவ்வளவு, மண் ஆய்வுக்கும் சுற்றுச்சூழல் ஆய்வுக்கும் எவ்வளவு என்ற கணக்கு வெளியே வருவது அரிது. வெளி ஆலோசகரை அமர்த்துவதே தவறு என்று சொல்ல முடியாது. சரிவான நிலத்தில் கட்டடம் எழுப்ப மண்ணியல் அறிந்தவர் வேண்டும், அப்படிப்பட்டவர் ஒவ்வொரு நகராட்சியின் சம்பளப் பட்டியலிலும் இருக்க மாட்டார். ஆனால் அவருக்குப் போவது பொதுப் பணம், அவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கை அரசு அலுவலகத்தின் ஆவணம். இரண்டையும் கேட்டுப் பெறுவதற்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தெளிவான வழி இருக்கிறது. 'தகவல்' என்றால் என்ன என்று விளக்கும் 2(எஃப்) பிரிவிலேயே ஒப்பந்தங்கள், அறிக்கைகள், கருத்துரைகள், ஆலோசனைகள் ஆகியவை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன.

இருந்தும் பலருடைய மனுக்கள் வெறுங்கையோடு திரும்புகின்றன. "கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆலோசகர்களுக்கு மொத்தம் எவ்வளவு செலவிட்டீர்கள்?" என்று கேட்பதுதான் அதற்கு முதல் காரணம். அப்படி ஒரு மொத்தத் தொகையை எந்த அலுவலகமும் தனியாக எழுதி வைப்பதில்லை. கையில் இருக்கும் ஆவணத்தைத் தர வேண்டுமே தவிர, இல்லாத தகவலைப் புதிதாகத் தொகுத்துத் தர வேண்டிய கட்டாயம் அலுவலகத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஆதித்ய பந்தோபாத்யாயாவுக்கும் இடையிலான வழக்கில் கூறியிருக்கிறது. ஆகவே "தொகுக்கப்பட்ட வடிவில் தகவல் இல்லை" என்ற ஒற்றை வரிப் பதிலுக்கு எதிராகப் பெரிதாக வாதாட முடியாது. தொகையைக் கேட்காமல் கோப்பைக் கேட்க வேண்டும். கோப்பு கைக்கு வந்துவிட்டால் கூட்டிப் பார்ப்பது நம்மால் ஆகிற வேலைதான்.

செலவு எந்தப் பெயரில் ஒளிந்திருக்கும் என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. வரவு செலவுத் திட்ட ஆவணங்களில் தொழில்முறை மற்றும் சிறப்புப் பணிகளுக்கான செலுத்துகை என்று ஒரு கணக்குத் தலைப்பு உண்டு; ஆனால் வழக்கறிஞர் கட்டணம் போன்றவையும் அதற்குள்ளேயே வந்துவிடுவதால், அதை மட்டும் பார்த்து முடிவுக்கு வர இயலாது. பெரும்பாலான ஆலோசனைக் கட்டணம் திட்ட மதிப்பீட்டுக்குள்ளேயே ஒரு சதவீதமாகவோ ஓர் உருப்படியாகவோ அமர்ந்திருக்கும். அங்கே அதன் பெயர் 'டி.பி.ஆர்.' எனப்படும் விரிவான திட்ட அறிக்கைத் தயாரிப்பு, 'பி.எம்.சி.' எனப்படும் திட்ட மேலாண்மை ஆலோசனை, 'பி.எம்.யு.' எனப்படும் திட்ட மேலாண்மைப் பிரிவு, 'மூன்றாம் தரப்பு ஆய்வு', 'சர்வே', 'தொழில்நுட்ப உதவி' என்று பலவாறாக இருக்கும். 'ஆலோசகர்' என்ற சொல்லை மட்டும் எழுதினால், "எங்கள் அலுவலகத்தில் ஆலோசகர் எவரும் நியமிக்கப்படவில்லை" என்று மனசாட்சிக்கு விரோதமில்லாமலே பதில் எழுதிவிட முடியும். அதனால் மனுவில் இந்தப் பெயர்கள் அனைத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன் தேட வேண்டியவை

மனு எழுத உட்காரும் முன் ஒரு மாலைப் பொழுதைத் தேடலுக்குச் செலவிட்டால் பின்னால் பல வாரங்கள் மிச்சமாகும். தமிழ்நாடு அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், கன்சல்டன்சி, டி.பி.ஆர்., ஆர்.எஃப்.பி. (முன்மொழிவு கோரும் அறிவிப்பு) ஆகிய சொற்களை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேட வேண்டும். அறிவிப்பு எண், தேதி, அழைத்த அலுவலரின் பதவி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மனுவில் அறிவிப்பு எண்ணைக் குறிப்பிட்டுவிட்டால் "எந்த வேலை என்று விளங்கவில்லை" என்ற பதிலுக்கு இடமிருக்காது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-இன்படி, ஏற்கப்பட்ட ஒப்பந்தப்புள்ளியை அளித்தவரின் பெயரும் முகவரியும், மற்றவர்களுடையவை நிராகரிக்கப்பட்டதற்கான காரணங்களும் ஒப்பந்தப்புள்ளி இதழுக்கு அனுப்பப்பட வேண்டும். மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் அந்த இதழ்கள் உண்டு. படிப்போர் குறைவு என்பதால் அவற்றின் பயன் குறைந்துவிடவில்லை.

நகராட்சி என்றால் மன்றக் கூட்டப் பொருளும் தீர்மானமும் மிக எளிதான சான்று. ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க மன்றத்தின் அனுமதி கேட்கப்படும்போது, அந்தப் பொருளின் கீழேயே அலுவலகக் குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். நிறுவனத்தின் பெயர், தொகை, அரசாணை எண் மூன்றும் பல நேரங்களில் அங்கேயே கிடைத்துவிடும். உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேட்டால் அந்தத் தாள் கிடைக்கும். அதற்கு மனு கூடத் தேவையில்லை.

மின் திட்டங்களுக்கு வேறொரு வாசல் இருக்கிறது. குந்தா நீரேற்று மின் திட்டம், இன்னும் திட்ட நிலையிலுள்ள சில்லஹல்லா திட்டம் போன்றவற்றுக்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை பொருந்தும். அந்த அறிவிக்கை வகுத்துள்ள அமைப்பின்படி, தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் இறுதி அத்தியாயத்தில் அமர்த்தப்பட்ட ஆலோசகர்களின் பெயரும் அவர்கள் செய்த பணியின் தன்மையும் வெளியிடப்பட வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வைக்கப்படும் அந்தத் தடித்த அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கிச் சோர்ந்துபோவோர் பலர். பின்பக்கத்திலிருந்து புரட்டினால் இந்தப் பகுதி உடனே அகப்படும். நிறுவனத்தின் பெயர் தெரிந்தபின், அதற்குக் கட்டணம் செலுத்திய மின் நிறுவனத்திடம் பணி ஆணையைக் கேட்கலாம்.

உலக வங்கி போன்ற வெளிநாட்டு நிதி கலந்த திட்டமானால், ஆலோசகர் ஒப்பந்தங்களின் விவரத்தை அந்த வங்கியே தன் இணையதளத்தில் வெளியிடுவது வழக்கம். நீலகிரியின் மின்வாரிய அணைகள் சிலவும் இடம்பெற்ற அணைப் புனரமைப்பு மற்றும் மேம்பாட்டுத் திட்டம் அத்தகையது.

யாரிடம் கேட்பது

மலை மாவட்டத்துக்காரருக்கு இதுதான் சிக்கலான பகுதி. வேலை நடப்பது ஊட்டியிலோ குன்னூரிலோ இருக்கும். ஆலோசகரை அமர்த்திய ஆணை சென்னையில் கையெழுத்தாகியிருக்கும். முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தொடர்பானவற்றை நகர் ஊரமைப்பு இயக்ககமும், பல நகராட்சிகளுக்குப் பொதுவான ஆலோசனைப் பணிகளை நகராட்சி நிர்வாக இயக்ககமும் தாங்களே முடிவு செய்வதுண்டு. அத்தகைய நேர்வில் உள்ளூர் அலுவலகத்தில் இருப்பது ஒரு நகல் மட்டுமே. சட்டத்தின் 6(3) பிரிவின்படி மனுவைப் பெற்ற அலுவலர் 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அதை மாற்றி அனுப்ப வேண்டும் என்றாலும், அதை நம்பியிருப்பதைவிட இரண்டு இடங்களுக்கும் தனித்தனியாக மனு அனுப்புவதே உகந்தது. கூடுதலாக ஆகும் செலவு 10 ரூபாயும் தபால் கட்டணமும்தான். இரண்டு அலுவலகங்களும் தரும் தாள்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

கிராமப்புற வேலைகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்ட நிதியில் நடந்தவற்றுக்கு ஆட்சியர் அலுவலகத்திலும், பணியைச் செய்த துறையிலும் கேட்க வேண்டும். வெலிங்டன் கன்டோன்மென்ட் வாரியம், தேயிலை வாரியத்தின் குன்னூர் அலுவலகம், மலை ரயிலை இயக்கும் தென்னக ரயில்வேயின் சேலம் கோட்டம் ஆகியவை மத்திய அரசைச் சார்ந்தவை. அவற்றுக்குக் கட்டணம் செலுத்தும் முறையும், பின்னர் மேல்முறையீடு போகும் ஆணையமும் வேறு.

ஆலோசகரே ஓர் அரசு நிறுவனமாக இருந்தால் உங்களுக்கு இரட்டை வாசல் திறக்கிறது. பலருக்கு இது தோன்றுவதில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் என்பது எல்லோருக்கும் தெரியும். மலைகள் எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்று ஆராயும் பணி சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் போனது. பின்னர் 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதி நாட்களில் 8,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் வந்தது. கடைக்காரர், ஓட்டுநர், விடுதி நடத்துபவர் அனைவரின் பிழைப்பையும் தொடும் இப்படியோர் ஆய்வின் பணி வரையறை என்ன, கட்டணம் எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து செலுத்தப்பட்டது, இடைக்கால அறிக்கை எப்போது தரப்பட்டது ஆகியவற்றை அரசுத் தரப்பில் மட்டுமன்றி அந்த இரு நிறுவனங்களிடமும் கேட்கலாம். நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டவை என்பதால் இரண்டும் இந்தச் சட்டத்தின் கீழ் பொது அதிகார அமைப்புகளே. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆலோசனைப் பணிகளைக் கவனிக்கத் தனிப் பிரிவே இயங்குகிறது. கொடுத்தவர் கணக்கும் வாங்கியவர் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதைவிட உறுதியான சரிபார்ப்பு வேறில்லை. அண்ணா பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் இது பொருந்தும்.

மனுவை எழுதுதல்

மனு தமிழில் இருக்கலாம்; காரணம் சொல்லத் தேவையில்லை என்பதை 6(2) பிரிவு உறுதி செய்கிறது. சங்கத்தின் பெயரில் எழுதாமல் தனிநபர் பெயரில் எழுதுங்கள், ஏனெனில் உரிமை குடிமகனுக்கு உரியது. 'ஏன்', 'எப்படி', 'நியாயமா' என்று தொடங்கும் கேள்விகளைத் தவிர்த்து, அந்தக் கேள்விக்கு விடை எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்குமோ அந்தத் தாளைக் கேளுங்கள். "நகராட்சிப் பொறியாளர்கள் இருக்கும்போது வெளி நிறுவனம் எதற்கு?" என்பது வாதம், "வெளி நிறுவனத்தை அமர்த்த வேண்டிய தேவையைப் பதிவு செய்துள்ள அலுவலகக் குறிப்பின் நகல்" என்பது கோரிக்கை. முதலாவதற்குப் பதில் சொல்ல எவரையும் கட்டாயப்படுத்த முடியாது.

ஒரு மலை நகராட்சி பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்கு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க வெளி நிறுவனத்தை அமர்த்தியதாக வைத்துக்கொண்டு, மனுவின் மையப் பகுதியை இவ்வாறு எழுதலாம்:

"பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், ………… நகராட்சி, நீலகிரி மாவட்டம்.

பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் ஆவண நகல்களும் கோப்புப் பார்வையும் கோருதல்.

…… நாளிட்ட …… எண்ணுள்ள ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பின்படி, பல அடுக்கு வாகன நிறுத்தம் தொடர்பாக விரிவான திட்ட அறிக்கை தயாரித்தல், சர்வே, மண் ஆய்வு, திட்ட மேலாண்மை, மூன்றாம் தரப்பு ஆய்வு ஆகிய எப்பெயரிலும் வெளி நிறுவனங்கள் அல்லது வெளி நபர்களிடம் ஒப்படைக்கப்பட்ட பணிகள் குறித்துப் பின்வருவனவற்றின் சான்றிட்ட நகல்களை அளிக்க வேண்டுகிறேன்.

1. பணியை வெளியில் ஒப்படைக்க ஒப்புதல் அளித்த அலுவலகக் குறிப்பு, மன்றத் தீர்மானம், அரசாணை அல்லது செயல்முறை ஆணை.
2. பணி வரையறை, தொழில்நுட்ப மதிப்பெண் பட்டியல், விலைப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியல்.
3. பணி ஆணை, கையெழுத்தான ஒப்பந்தம், கால நீட்டிப்பு ஆணைகள், தொகைத் திருத்த ஆணைகள்.
4. இதுவரை செலுத்தப்பட்ட ஒவ்வொரு தவணைக்குமான பட்டியல், செலவுச் சீட்டு, கணக்குத் தலைப்பு.
5. நிறுவனம் அளித்த வரைவு அறிக்கையும் இறுதி அறிக்கையும். அவற்றை ஏற்றுக்கொண்டதற்கான அல்லது திருத்தம் கோரியதற்கான கடிதங்கள்.
6. மேற்கண்டவை அடங்கிய கோப்புகளின் ந.க. எண்கள்; அவற்றைப் பிரிவு 2(ஜே)-இன்படி நேரில் பார்வையிட நாளும் நேரமும்."

ஐந்தாவது உருப்படியை விட்டுவிடாதீர்கள். எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்பவர்கள், கொடுத்த பணத்துக்கு என்ன வந்தது என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். கட்டணம் அதிகமா குறைவா என்று வெளியிலிருந்து தீர்ப்பது கடினம். ஆனால் அறிக்கையைக் கையில் எடுத்தால், சமவெளி ஊர் ஒன்றுக்கு எழுதிய பக்கங்களை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி இங்கே ஒட்டியிருக்கிறார்களா, நிலச்சரிவு அபாயத்தைப் பற்றி ஒரு பத்தியாவது இருக்கிறதா என்பதை இந்த மலையில் வாழும் எவரும் படித்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

மாநில அலுவலகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்; மனுவில் நீதிமன்றக் கட்டண வில்லையை, அதாவது கோர்ட் ஃபீ ஸ்டாம்பை, ஒட்டி அனுப்புவதே எல்லோரும் பின்பற்றும் எளிய முறை. மத்திய அரசு அலுவலகங்களுக்கு 10 ரூபாய் அஞ்சல் ஆணை வைக்க வேண்டும். அங்கே மனு பொதுவாக 500 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இணையவழி விண்ணப்பிக்க மத்திய அரசுக்கும் தமிழ்நாடு அரசுக்கும் தனித்தனி இணையதளங்கள் உள்ளன. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்றுடன் விண்ணப்பித்தால் கட்டணம் இல்லை. தபாலில் அனுப்புவோர் கவனிக்க வேண்டியது, 2025-இல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது என்பதே. விரைவு அஞ்சலில் அனுப்பி, ஒப்படைக்கப்பட்டதற்கான சான்றைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நாட்கள் என்ற கெடு மனு அலுவலகத்தில் பெறப்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து தபால் தாமதமானால் அந்தச் சான்றுதான் உங்களுக்குத் துணை.

கோப்பை நேரில் பார்ப்பது

நகல் கேட்டால் அலுவலகம் தேர்ந்தெடுத்த தாள்கள் வரும். கோப்பைப் பார்த்தால் எல்லாத் தாள்களும் வரிசையாக இருக்கும். பந்தலூரிலிருந்தோ கோத்தகிரியின் உட்கிராமங்களிலிருந்தோ ஊட்டிக்குப் போய் வருவதற்கு ஒரு நாள் முழுதும் போய்விடும் என்பது உண்மை. ஆனாலும் ஆலோசகர் செலவு விஷயத்தில் அந்த ஒரு நாள் வீண்போவதில்லை. முதல் ஒரு மணி நேரப் பார்வைக்குக் கட்டணம் இல்லை. அதன்பின் சிறு தொகை. போகும் முன் நாளையும் நேரத்தையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். வாய்மொழி உறுதியை நம்பிப் போனால் கோப்பு சென்னைக்குப் போயிருக்கிறது என்ற தகவல்தான் கிடைக்கும்.

கோப்பில் இரண்டு பகுதிகள் இருக்கும். குறிப்புப் பகுதியில் உதவியாளர் எழுதத் தொடங்கி, ஒவ்வொரு மேலதிகாரியும் கருத்தெழுதிக் கையெழுத்திட்டிருப்பார்கள். மற்றப் பகுதியில் வந்த கடிதங்களும் போன கடிதங்களும் பக்க எண்ணுடன் கோக்கப்பட்டிருக்கும். முதலில் குறிப்புப் பகுதியைப் படியுங்கள். "உரிய தொழில்நுட்பப் பணியாளர் இல்லாததால்" என்று தேவை எங்கே முதலில் எழுதப்பட்டது, அதற்கு எவரேனும் மாற்றுக் கருத்து எழுதினாரா, ஒரே நிறுவனத்திடம் மட்டும் விலைப்புள்ளி பெற என்ன காரணம் சொல்லப்பட்டது என்பவை அங்கேதான் இருக்கும். மாநில அலுவலகங்கள் ஒப்பந்தப்புள்ளி கோராமல் நேரடியாகக் கொடுத்திருந்தால், 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு தரும் விலக்கு மேற்கோள் காட்டப்பட்டிருக்கும். அந்த விலக்குக்கான நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்க வேண்டும். மத்திய அரசு அலுவலகங்களுக்கு 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 194-ஆவது விதி பொருந்தும்: ஒரே ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பதற்கான முழு நியாயமும் கோப்பில் பதிவாகி, உரிய அதிகாரியின் ஒப்புதல் முன்கூட்டியே பெறப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லை என்றால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

வேண்டிய பக்கங்களின் எண்களை ஒரு தாளில் குறித்து, அங்கேயே நகல் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். நடுவில் பக்க எண் தாவியிருந்தால் அதையும் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டியல்களைப் படிக்கும்போது ஒப்பந்தத் தொகை, நிறுவனம் கேட்ட தொகை, உண்மையில் செலுத்திய தொகை என மூன்றும் வெவ்வேறாக இருக்கும். ஜி.எஸ்.டி. கூடும், வருமான வரிப் பிடித்தம் கழியும். இவற்றைச் சரிக்கட்டாமல் "கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள்" என்று அறிக்கை விட்டால் மறுநாளே மறுப்பு வந்து உங்கள் உழைப்பு கெட்டுவிடும். பிறகு தவணை நிபந்தனைகளைப் பாருங்கள். ஆலோசனை ஒப்பந்தங்களில் தொடக்க அறிக்கை தந்தவுடன் இத்தனை சதவீதம், வரைவு அறிக்கைக்கு இத்தனை, இறுதி அறிக்கை ஏற்கப்பட்டதும் மீதி என்று பிரித்திருப்பது வழக்கம். இறுதித் தவணை செலுத்தப்பட்ட தேதி, அறிக்கையை ஏற்றுக்கொண்ட கடிதத்தின் தேதிக்கு முந்தியதாக இருந்தால் அதைக் கேள்வியாக எழுப்பலாம். மேற்பார்வை ஆலோசனையில் கட்டணம் கட்டுமானச் செலவின் சதவீதமாக இருந்தால், கட்டுமானச் செலவு உயர உயர மேற்பார்வையாளர் வருமானமும் உயரும். என் கருத்தில், செலவைக் கட்டுப்படுத்த அமர்த்தப்பட்டவருக்கு இப்படி ஓர் ஊக்கம் வைப்பது விந்தையான ஏற்பாடு. ஆனால் அது சட்டவிரோதமன்று, எனவே அதை முறைகேடு என்று எழுதிவிடக் கூடாது.

மறுப்புகளும் அவற்றுக்கான பதில்களும்

அதிகம் எடுத்தாளப்படும் மறுப்பு 8(1)(டி), அதாவது வணிக ரகசியம். ஒப்பந்தப்புள்ளி நிலுவையில் இருக்கும்போது இதற்கு நியாயம் உண்டு. முடிவெடுத்து ஒப்பந்தம் கொடுத்த பின் அதை மறைத்து வைக்க நியாயமில்லை என்று ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் 2007-இல் நவீன் குமார் சின்ஹா வழக்கில் கூறியுள்ளது. நிறுவனத்தின் தனித்த தொழில்நுட்ப உத்தி ஏதேனும் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மீதியைத் தரச் சொல்ல 10-ஆவது பிரிவு இருக்கிறது. பொதுப் பணத்திலிருந்து செலுத்தப்பட்ட தொகை எவருடைய வணிக ரகசியமும் ஆகாது. கொள்முதல் ஒப்பந்தம் பெற்றவரின் பெயரையும், விகிதத்தையும், மொத்தத் தொகையையும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று மத்தியப் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 2013 ஏப்ரல் 15-ஆம் நாளிட்ட குறிப்பாணையில் அறிவுறுத்தியுள்ளதை மத்திய அலுவலகங்களுக்கான மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டலாம்.

"நிறுவனம் சம்மதிக்கவில்லை" என்பது இன்னொன்று. 11-ஆவது பிரிவின்படி மூன்றாம் தரப்பினரின், இங்கே அந்த நிறுவனத்தின், கருத்தைக் கேட்க வேண்டும். அவர் கருத்துச் சொல்ல 10 நாட்கள் அவகாசம். அலுவலர் மனு வந்த 40 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். கருத்துக் கேட்பது அலுவலரின் கடமை, முடிவும் அலுவலருடையதே. நிறுவனத்துக்குத் தடை அதிகாரம் எதுவும் இல்லை.

"வழக்கு நிலுவையில் உள்ளது" என்ற பதில் இ-பாஸ் போன்ற விஷயங்களில் வரக்கூடும். வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் வெளிப்படையாகத் தடுத்திருந்தாலோ, வெளியிடுவது நீதிமன்ற அவமதிப்பாகும் என்றாலோ மட்டுமே 8(1)(பி) பொருந்தும். வழக்கு இருக்கிறது என்பது மட்டும் போதாது. "அறிக்கை அரசின் பரிசீலனையில் உள்ளது" என்று சொன்னால் எந்தப் பிரிவின் கீழ் மறுக்கப்படுகிறது என்று கேளுங்கள். 8(1)(ஐ) அமைச்சரவை ஆவணங்களுக்கானது, நகராட்சி வாங்கிய மண் ஆய்வறிக்கைக்கு அன்று. "அறிக்கை ஆலோசகரிடமே உள்ளது" என்றால், அந்த அறிக்கை யாருடைய உடைமை என்று கூறும் ஒப்பந்தப் பிரிவைக் காட்டுங்கள். அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் உள்ள தகவலும் 2(ஜே) பிரிவுக்குள் அடங்கும்.

கடினமாகிவிட்டது 8(1)(ஜே). தனிநபர் தகவல் குறித்த இந்தப் பிரிவை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தி, முன்பு அதற்குள்ளேயே இருந்த பொதுநல விலக்கை எடுத்துவிட்டது. ஆகவே தொழில்நுட்ப ஒப்பந்தப்புள்ளியில் இணைத்த தனிநபர் விவரக் குறிப்புகள், பான் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் கேட்காதீர்கள். அவை நமக்குத் தேவையும் இல்லை, அவற்றைக் காரணம் காட்டி முழு மனுவையும் தள்ளிவிட இடம் கொடுக்கவும் வேண்டாம். நிறுவனத்தின் பெயரும் அதற்குச் செலுத்திய தொகையும் தனிநபர் தகவல் அல்ல. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் தனிநபர் ஆலோசகராக அமர்த்தப்பட்டிருந்தால் மறுப்பு வர வாய்ப்புண்டு. அப்போது, பாதிப்பைவிடப் பொதுநலன் மிகும்போது தகவலை வெளியிடலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் நடைமுறையில் இருப்பதைச் சுட்டி, பொதுநலன் எது என்பதை இரண்டு வரிகளில் விளக்க வேண்டியிருக்கும். காரணம் சொல்லத் தேவையில்லாத சட்டத்தில் காரணம் சொல்லியே ஆக வேண்டிய இடம் இது.

மேல்முறையீடு

30 நாட்களில் பதில் வராவிட்டால் அது மறுப்பாகவே கருதப்படும். அதன்பின் தரும் தகவலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 7(6) கூறுகிறது. ஆனால் நகல் கட்டணம் கேட்டு இடையில் கடிதம் வந்திருந்தால், அந்தக் கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை கெடு நின்றிருக்கும். எனவே தொகையை உடனே கட்டிவிடுங்கள், கணக்கு தவறாகத் தோன்றினால் மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம். முதல் மேல்முறையீட்டை 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் 30 நாட்களில், மிஞ்சினால் 45 நாட்களில் ஆணையிட வேண்டும். அடுத்து 90 நாட்களுக்குள் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு, மத்திய அலுவலகமானால் மத்திய தகவல் ஆணையத்துக்கு, இரண்டாம் மேல்முறையீடு. விசாரணைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். மறுப்பு சரியானது என்று நிரூபிக்கும் பொறுப்பு 19(5)-இன்படி அலுவலருடையது. தகுந்த காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அவர் மீது தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

காத்திருக்கும் காலத்தில் அதே பொருளில் வேறொரு கோணத்திலிருந்து புதிய மனு போடத் தடை இல்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை அந்த நகராட்சியின் கணக்கில் எழுப்பிய தணிக்கைத் தடைகளையும் (ஆட்சேபணைகளையும்) அவற்றுக்கு நகராட்சி அளித்த பதில்களையும் கேளுங்கள். ஆலோசகர் கட்டணம் குறித்த தடை ஏதேனும் இருந்தால், உங்களுக்கு மறுக்கப்பட்ட தொகை அதிலேயே அச்சாகியிருக்கக் கூடும். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஒருமுறை கேட்பது அவசியம், ஏனெனில் மேற்பார்வை ஆலோசனைகள் கால நீட்டிப்புப் பெற்று ஆண்டுக்கணக்கில் தொடர்வதுண்டு; முதல் மனுவில் கிடைத்த ந.க. எண்ணைக் குறிப்பிட்டு, "அதன்பின் பிறப்பிக்கப்பட்ட நீட்டிப்பு ஆணைகளும் செலுத்தப்பட்ட தவணைகளும்" என்று ஒரே வரியில் கேட்டால் போதும்.